‘சேர்’ பட்டனில் பிறந்த பெட்டிகளை ‘சேமி’ பட்டனில் பிடித்த கதை

வெள்ளிக்கிழமை மாலை, நான் மாற்றிக்கொண்டிருந்த வெப் படிவத்தில் 12 வரிசை போட்டு, நடுவில் 3 வரிசையை நீக்கி, கீழே 2 சேர்த்து, ‘சேமி’யை அழுத்தினேன். டேட்டாபேஸில் 11 பதிவுகள். பொருள், அளவு, குறிப்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நம்பிக்கை வராமல் இன்னும் இரண்டு முறை வேறு வேறு வரிசைகளை நீக்கிப் பார்த்தேன். சரியாகவே வந்தது. இதற்கு 5 வேலை நாள், கணக்குப் போட்டால் 38 மணி நேரம் ஆகியிருக்கிறது. அதில் 13 மணி நேரம் தப்பான இடத்தில் தோண்டியது. நினைவு மங்குவதற்குள் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன்.

வேலை இதுதான். ஸ்டோர்ஸிலிருந்து பொருள் கேட்கும் படிவம் ஒன்று, மைக்ரோசாஃப்ட்டின் பழைய வெப் பேஜ் முறையான ஏ.எஸ்.பி. டாட் நெட் வெப் ஃபார்ம்ஸில் ஓடுகிறது. ஃப்ரேம்வொர்க் 4.8, மொழி சி ஷார்ப். அதில் எப்போதும் 5 வரிசைதான் இருக்கும். ஆறாவது பொருள் வேண்டுமென்றால் இன்னொரு படிவம் திறக்க வேண்டும். வேண்டிய அளவு வரிசை சேர்த்துக்கொள்ள ஒரு பட்டன், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு ‘நீக்கு’ பட்டன் கேட்டார்கள். ஒரு வரிசையில் பொருளுக்கு டிராப்டவுன், அளவுக்கு டெக்ஸ்ட்பாக்ஸ், குறிப்புக்கு இன்னொரு டெக்ஸ்ட்பாக்ஸ். பொருளைத் தேர்ந்தெடுத்ததும் கிலோவா, மீட்டரா, எண்ணிக்கையா என்று காட்ட ஒரு லேபிள்.

மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாமே என்று யாருக்கும் தோன்றும். 2016இல் வந்த, அதன் புதிய வடிவமான ஏ.எஸ்.பி. டாட் நெட் கோரில் வெப் ஃபார்ம்ஸ் கிடையாது. மாற வேண்டுமென்றால் இந்த அப்ளிகேஷனில் இருக்கும் 60 பேஜையும் சேர்த்து மாற்றியாக வேண்டும். ஒரு படிவத்துக்காக அதைத் தொட முடியாது.

முதல் முயற்சியில் தோன்றியதைச் செய்தேன். பேஜில் காலியாக ஒரு ப்ளேஸ்ஹோல்டர், அதாவது பின்னால் எதையாவது போடுவதற்கான வெற்றிடம். ‘சேர்’ பட்டனை அழுத்தும்போது ஓடும் கிளிக் ஈவென்ட்டில் ஒரு டிராப்டவுன், இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸ் உருவாக்கி அதற்குள் போட்டேன். ஓட்டிப் பார்த்தால் ஒரு வரிசை அழகாக வந்து நின்றது. மறுபடி அழுத்தினேன். இரண்டு வரும் என்று பார்த்தால் ஒன்றுதான் இருந்தது, அதுவும் காலியாக. முதலில் தட்டியது காணோம். ‘சேமி’யை அழுத்தினால் ஒரு வரிசையும் மிஞ்சவில்லை.

‘சேமி’க்குள், பெயரைச் சொன்னால் பெட்டியைத் தேடித் தரும் ஃபைண்ட்கன்ட்ரோல் வைத்துத்தான் தேடினேன். ஒன்றும் கிடைக்காமல், இல்லாத ஒன்றைத் தொட்டதாகச் சொல்லும் நல் ரெஃபரன்ஸ் பிழை வந்தது. இங்கேதான் திசை தவறினேன். பெட்டி எங்கோ இருக்கிறது, தேடத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்த முடிவுக்கு ஒரு காரணமும் இருந்தது. எங்கள் பேஜ்கள் எல்லாம் மாஸ்டர் பேஜ் என்ற பொதுச் சட்டத்துக்குள் இருப்பவை. 2005இல் 2.0 பதிப்போடு மாஸ்டர் பேஜ் வந்ததிலிருந்து பலரும் இடறும் இடம் இது. பேஜில் இருக்கும் பெட்டி, பட்டன் போன்ற கன்ட்ரோல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மரம் போல அடுக்கியிருக்கும். ஃபைண்ட்கன்ட்ரோல் அந்த மரம் முழுவதையும் அலசாது. எந்தக் கன்ட்ரோலிடம் கேட்கிறோமோ, அதன் பெயர் எல்லைக்குள் மட்டும் பார்க்கும். பேஜ் வந்து உட்காரும் கன்டென்ட் ப்ளேஸ்ஹோல்டர், ஒரே அச்சை வரிசை வரிசையாகப் போடும் ரிப்பீட்டரின் ஒவ்வொரு ஐட்டம், கிரிட்வியூவின் ஒவ்வொரு வரிசை, யூசர் கன்ட்ரோல் இவை ஒவ்வொன்றும் தனி எல்லை. அதனால் பேஜிடம் நேராகக் கேட்டால் கன்டென்ட் ப்ளேஸ்ஹோல்டருக்குள் இருப்பது கிடைக்காது. பேனலும் சாதாரண ப்ளேஸ்ஹோல்டரும் அப்படி எல்லை போடுவதில்லை.

இதெல்லாம் உண்மைதான். என் பிரச்சினை இது இல்லை என்பது மட்டும் அப்போது தெரியவில்லை. மரத்தின் எல்லாக் கிளைக்குள்ளும் இறங்கித் தேடும் ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். 15 வரி. மாஸ்டர் பேஜிலிருந்து தேடினேன், ஃபார்மிலிருந்து தேடினேன், ப்ளேஸ்ஹோல்டரிலிருந்தே தேடினேன். எதிலும் கிடைக்கவில்லை. ஐடியில் எழுத்துப்பிழையா என்று பார்த்தேன். ப்ளேஸ்ஹோல்டரை எடுத்துவிட்டு டேபிள் போட்டேன். முதல் நாள் முழுக்கவும் இரண்டாம் நாள் பாதிக்கு மேலும் இப்படியே போயிற்று.

இரண்டாம் நாள் மாலை, பக்கத்து டீமில் இருக்கும் சீனியர் அண்ணா எட்டிப் பார்த்தார். என் புரோகிராம் கோடைப் படிக்கவில்லை. ஒரே கேள்வி கேட்டார்: “தேடுறது இருக்கட்டும். நீ ‘சேமி’ அமுக்கறப்போ அந்தப் பெட்டிய யார் போட்டாங்க?”

“‘சேர்’ அமுக்கினப்போ நான்தான் அண்ணா போட்டேன்.”

“அது போன ரெக்வெஸ்ட்ல. இந்த ரெக்வெஸ்ட்ல யார் போட்டது?”

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டனை அழுத்தியதும் பேஜ் சர்வருக்குப் போகும் ஒவ்வொரு போஸ்ட்பேக்குக்கும் அங்கே பேஜ் ஆப்ஜெக்ட் புதிதாகப் பிறக்கிறது, பதிலை அனுப்பியதும் போய்விடுகிறது. ஏ.எஸ்.பி.எக்ஸ். ஃபைலில் எழுதியிருக்கும் கன்ட்ரோல்களை ஒவ்வொரு முறையும் ஃப்ரேம்வொர்க்கே திரும்ப உருவாக்கித் தருகிறது. நான் கோடில் உருவாக்கியதை நான்தான் ஒவ்வொரு முறையும் திரும்ப உருவாக்க வேண்டும். படித்த காலத்திலேயே தெரிந்த விஷயம்தான். ஆனால் திரையில் பெட்டி கண்ணெதிரே இருக்கும்போது சர்வரிலும் அது இருப்பதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது.

மூன்றாம் நாள் காலை கோடை மாற்றுவதற்கு முன் இரண்டு கருவிகளை எடுத்தேன். ஒன்று, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதி. ‘சேமி’ அழுத்தியதும் போகும் ரெக்வெஸ்ட்டைத் திறந்து ஃபார்ம் டேட்டாவைப் பார்த்தால், நான் தட்டிய அளவும் குறிப்பும் அங்கே இருந்தன. இரண்டாவது, பேஜின் தலையில் இருக்கும் டைரக்டிவ் வரியில் ட்ரேஸை ட்ரூ என்று வைப்பது. பழைய வசதி, ஆனால் இந்த மாதிரி வேலைக்கு இதற்கு இணை வேறெதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. பேஜின் அடியில் ஒவ்வொரு கட்டமும் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்ற பட்டியல், வந்து சேர்ந்த ஃபார்ம் மதிப்புகள், பிறகு கன்ட்ரோல் மரம் முழுவதும், ஒவ்வொரு கன்ட்ரோலுக்கும் எத்தனை பைட் வியூஸ்டேட் (பேஜ் தன் நிலையை அடுத்த ரெக்வெஸ்ட்டுக்குச் சுமந்து செல்லும் மூட்டை) என்பது வரை அச்சிட்டுக் காட்டும்.

அந்த ஒரே பேஜில் இரண்டையும் அருகருகே பார்த்தேன். ஃபார்ம் மதிப்புகளில் அளவு 25 இருக்கிறது. கன்ட்ரோல் மரத்தில் அதை வாங்கிக்கொள்ள ஒரு பெட்டியும் இல்லை. மதிப்பு வாசல் வரை வந்து, கதவைத் திறக்க ஆளில்லாமல் நின்றிருக்கிறது. 13 மணி நேரம் தேடியதற்கு விடை இந்த ஒரு பார்வையில் கிடைத்தது.

இனி எங்கே உருவாக்குவது என்பதுதான் கேள்வி. பேஜ் உருவாகும் ஆரம்பக் கட்டமான இனிட்டில் செய்வதே முறை என்று எங்கோ படித்த நினைவு. எத்தனை வரிசை என்ற எண்ணை வியூஸ்டேட்டில் வைத்து, இனிட்டில் எடுத்து அத்தனை வரிசை உருவாக்கப் பார்த்தேன். எண் எப்போதும் காலியாகவே வந்தது. ட்ரேஸ் பட்டியலைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. வியூஸ்டேட்டைத் திறந்து படிக்கும் கட்டம் இனிட் முடிந்த பிறகுதான் வருகிறது. இனிட்டில் உருவாக்க வேண்டுமானால் எண்ணை, ஒரு ஆளுக்கு ஒன்றாகச் சர்வரில் இருக்கும் செஷனிலோ, பேஜுக்குள் மறைந்திருக்கும் ஒரு ஹிட்டன் ஃபீல்டிலோ வைத்துக்கொள்ள வேண்டும். செஷனில் வைத்தால், ஒரே ஆள் இரண்டு பிரவுசர் டேப்களில் இரண்டு படிவம் திறக்கும்போது ஒன்றின் எண் மற்றொன்றில் கலந்துவிடும். ஸ்டோர்ஸில் அப்படித் திறப்பவர்கள் உண்டு. அதனால் அதை விட்டேன்.

இனிட்டுக்குப் பிறகு வரும் பேஜ் லோட் கட்டத்தில் உருவாக்கினேன். அங்கே வியூஸ்டேட் தயாராக இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம் இருந்தது. வந்த மதிப்புகளைப் பெட்டிகளில் நிரப்பும் கட்டம் லோடுக்கு முன்பே முடிந்துவிடுமே, நாம் தாமதமாகப் போடும் பெட்டிக்கு யார் நிரப்புவார்கள்? ட்ரேஸில் பதில் இருந்தது. போஸ்ட் டேட்டாவை நிரப்பும் கட்டம் இரண்டு முறை வருகிறது. லோடுக்கு முன் ஒன்று, லோடுக்குப் பின் ‘செகண்ட் ட்ரை’ என்ற பெயரில் இன்னொன்று. முதல் சுற்றில் ஆள் கிடைக்காத மதிப்புகளுக்கு இரண்டாம் சுற்றில் இன்னொரு வாய்ப்பு. அதன் பிறகுதான் கிளிக் போன்ற ஈவென்ட்கள் ஓடுகின்றன. கிளிக்குக்குள் உருவாக்கும் பெட்டிக்கு அந்த ரெக்வெஸ்ட்டின் மதிப்பு ஏன் சேரவே சேராது என்பதும் இதிலேயே விளங்கிவிட்டது.

லோடுக்கு மாற்றியதும் மதிப்புகள் பெட்டிகளில் தங்கின. அன்று மதியம் சாப்பிடப் போனபோது மனம் லேசாக இருந்தது. திரும்பி வந்ததும் அடுத்த சிக்கல் வந்தது.

பெட்டிகளுக்கு நான் ஐடி கொடுக்கவில்லை. ஐடி இல்லாத கன்ட்ரோலுக்கு ஃப்ரேம்வொர்க்கே வரிசை எண்ணோடு ஒரு பெயர் வைத்துவிடும், அதனால் ஓடியது. அளவைக் காலியாக விட்டுச் சேமித்தால் மேலே சிவப்பு எழுத்தில் ஒரு எச்சரிக்கை காட்ட, அதே ப்ளேஸ்ஹோல்டரின் தலையில், லோடில் வரிசைகளை உருவாக்கும் முன்பே, ஒரு லேபிளைக் கோடில் சேர்த்தேன். எச்சரிக்கை வந்தது. திருத்தி மறுபடி ‘சேமி’ அழுத்தினால், அளவுப் பெட்டியில் தட்டியது குறிப்புப் பெட்டியில் போய் உட்கார்ந்தது. எச்சரிக்கை காட்டிய ரெக்வெஸ்ட்டில் அந்த லேபிள் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டதால் மற்ற எல்லாப் பெயரும் ஒரு எண் தள்ளிப்போயின. பிரவுசர் அந்தப் பெயர்களோடு மதிப்பை அனுப்பியது. அடுத்த ரெக்வெஸ்ட்டின் லோடில் லேபிள் இல்லாமல் நான் உருவாக்கிய பெட்டிகளுக்குப் பழைய எண்கள். ஒவ்வொரு மதிப்பும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

பிழைச் செய்தி ஏதும் இல்லாமல் தவறான தகவல் டேட்டாபேஸில் ஏறும் வகை இது. இந்த முழு வேலையிலும் எனக்குப் பயம் வந்த இடம் இதுதான். அளவும் குறிப்பும் என்பதால் கண்ணில் பட்டது. அளவும் விலையும் என்று இரண்டும் எண்ணாக இருந்திருந்தால் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அன்றிலிருந்து கோடில் உருவாக்கும் எதற்கும், ஒரு சாதாரண லேபிளானாலும், ஐடி கொடுக்காமல் அடுத்த வரிக்குப் போவதில்லை. பொருள், அளவு, குறிப்பு என்ற சொல்லோடு வரிசையின் எண்ணைச் சேர்த்து ஐடி வைத்தேன்.

நான்காம் நாள் ‘நீக்கு’ பட்டன். வியூஸ்டேட்டில் எண்ணிக்கையை மட்டும் வைத்திருந்தேன் அல்லவா, அது இங்கே உடைந்தது. 5 வரிசையில் இரண்டாவதை நீக்கினால் எண்ணிக்கை 4 ஆகும். அடுத்த முறை 1 முதல் 4 வரை உருவாகும். போனது ஐந்தாவது, இரண்டாவது அப்படியே இருக்கும். எண்ணிக்கைக்குப் பதிலாக வரிசைகளின் அடையாள எண்களையே ஒரு பட்டியலாக வைத்தேன். 1, 2, 3, 4, 5 இல் இரண்டை நீக்கினால் 1, 3, 4, 5. புதிதாகச் சேர்த்தால் 6. ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பக் கொடுப்பதில்லை.

எங்கே நீக்குவது என்பதில் மறுபடி ஒரு தப்பு செய்தேன். நீக்கப்போகும் வரிசையை எதற்கு உருவாக்க வேண்டும் என்று தோன்றியது. எந்த ‘நீக்கு’ அழுத்தப்பட்டது என்பதை லோடிலேயே ஃபார்ம் டேட்டாவில் பார்த்துவிடலாம். சாதாரண சப்மிட் பட்டன் என்றால் அழுத்திய பட்டனின் பெயர் மட்டும் அதில் வரும். அந்த வரிசையை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் உருவாக்கினேன். பொருள் சரி, அளவு சரி, குறிப்பு சரி. அலகு லேபிள் மட்டும் தப்பு. சிமென்ட்டுக்கு மீட்டர், ஒயருக்கு மூட்டை.

மூன்று மணி நேரம் இதில் போனது, ஆனால் இந்த மூன்று மணி நேரத்தை நான் வீண் என்று சொல்ல மாட்டேன். பெட்டியில் தட்டிய மதிப்பு வருவது பெயரை வைத்து. வியூஸ்டேட் திரும்ப வருவது இடத்தை வைத்து, அதாவது தாய்க் கன்ட்ரோலுக்குள் எத்தனையாவது பிள்ளை என்பதை வைத்து. டெக்ஸ்ட்பாக்ஸின் மதிப்பைப் பிரவுசர் அனுப்புகிறது, ஆகவே பெயர் சரியாக இருந்தால் போதும். லேபிளின் எழுத்தைப் பிரவுசர் அனுப்பாது, அது வியூஸ்டேட்டில் மட்டுமே இருக்கிறது. இரண்டாம் வரிசையை நான் முன்கூட்டியே விட்டுவிட்டதால் மூன்றாம் வரிசை இரண்டாம் இடத்துக்கு வந்து, இரண்டாம் இடத்தின் லேபிளை வாங்கிக்கொண்டது. எல்லா வரிசையும் ஒரே அச்சில் இருந்ததால் ஃப்ரேம்வொர்க்குக்கும் முரண் தெரியவில்லை. வகை மாறியிருந்தால் வியூஸ்டேட்டை ஏற்ற முடியவில்லை, மரம் பொருந்தவில்லை என்று பிழையாவது வந்திருக்கும்.

சரியான வழி எளிது. போன ரெக்வெஸ்ட் முடியும்போது மரம் எப்படி இருந்ததோ அப்படியே லோடில் முழுதாக உருவாக்க வேண்டும், நீக்கப்போகும் வரிசையையும் சேர்த்து. ‘நீக்கு’ பட்டனின் ஈவென்ட் ஓடும்போது அந்த வரிசையை மரத்திலிருந்தும் பட்டியலிலிருந்தும் எடுக்க வேண்டும். வியூஸ்டேட் சேமிக்கப்படுவது அதற்குப் பிறகு, எனவே அடுத்த முறைக்கான இடங்கள் புதிய மரத்தின்படி பதிவாகும். ‘சேர்’ பட்டனும் இப்படியே. லோடில் பழைய வரிசைகள் எல்லாம் வந்துவிடும், கிளிக்கில் புதிதாக ஒன்றை மட்டும் கடைசியில் சேர்த்துப் பட்டியலில் எண்ணைப் போட வேண்டும். பட்டன்களுக்கு ஈவென்ட்டைக் கட்டுவதையும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஒருமுறை அதை ‘இது போஸ்ட்பேக் இல்லை என்றால்’ என்ற நிபந்தனைக்குள் வைத்துவிட்டு, ‘நீக்கு’ அசையவே இல்லையே என்று அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் டிராப்டவுனின் எடை. பொருள் பட்டியலில் 420 பெயர்கள். 10 வரிசை போட்டதும் பேஜ் மந்தமானது. ட்ரேஸில் பார்த்தால் ஒவ்வொரு டிராப்டவுனும் தன் 420 பெயரையும் வியூஸ்டேட்டில் சுமந்துகொண்டு நின்றது. வியூஸ்டேட் பயணிக்கும் ஹிட்டன் ஃபீல்டின் நீளத்தை அளந்தேன். 1,71,000 எழுத்துகளுக்கு மேல். பேஸ் 64 ஆக மாற்றுவதால் மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து என்று அது இன்னும் ஊதிப்போகிறது. ஒவ்வொரு அழுத்தலிலும் இத்தனையும் சர்வருக்கு மேலே போகிறது.

முதலில் டிராப்டவுனின் வியூஸ்டேட்டையே அணைத்தேன். எடை இறங்கியது. ஆனால் பொருள் மாறினால் ஓடும் ஈவென்ட், எந்தப் பட்டனை அழுத்தினாலும் எல்லா வரிசைக்கும் ஓட ஆரம்பித்தது. பழைய தேர்வு எது என்று நினைவு இல்லாததால், பட்டியலின் முதல் பெயரோடு ஒப்பிட்டு ‘மாறிவிட்டது’ என்று எடுத்துக்கொள்கிறது. 10 வரிசைக்கு 10 முறை அலகு கேட்டு டேட்டாபேஸுக்குப் போனது. காட்டியது சரிதான், செலவு அதிகம்.

பிறகு வியூஸ்டேட்டைத் திரும்பப் போட்டுவிட்டு, நிரப்பும் வரியை மட்டும் இடம் மாற்றினேன். அதுவரை டிராப்டவுனை மரத்தில் சேர்த்த பின் பெயர்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். இப்போது வரிசையை முழுதாகக் கட்டி, பெயர்களையும் நிரப்பி, கடைசியாக மரத்தில் சேர்க்கிறேன். மரத்தில் சேர்ந்த பிறகு நடக்கும் மாற்றங்களைத்தான் வியூஸ்டேட் குறித்துக்கொள்கிறது. அதற்கு முன் நிரப்பியது கணக்கில் வராது. ஹிட்டன் ஃபீல்ட் 4,000 எழுத்துக்குள் இறங்கியது, ஈவென்ட்டும் மாறிய வரிசைக்கு மட்டும் ஓடியது. இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றியதற்குக் கிடைத்த பலன் இது. பட்டியலை ரெக்வெஸ்ட்டுக்கு ஒருமுறை மட்டும் டேட்டாபேஸிலிருந்து எடுத்து எல்லா வரிசைக்கும் பகிர்கிறேன். பிரவுசருக்கு இறங்கும் எச்.டி.எம்.எல்.இல் 420 பெயரும் ஒவ்வொரு வரிசையிலும் இன்னும் இருக்கத்தான் செய்கின்றன. அதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை.

இடையில் ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே வரிசையைப் படியெடுத்துச் சேர்க்கவும் பார்த்தேன், சர்வருக்குப் போய் வர வேண்டாமே என்று. இரண்டு மணி நேரத்தில் விட்டுவிட்டேன். படியெடுத்த பெட்டிக்கும் அதே பெயர் இருப்பதால் சர்வரில் இரண்டு மதிப்பும் காற்புள்ளி போட்டு ஒட்டி வந்தன. அளவு ‘5,7’ என்று முதல் பெட்டியில் நின்றது. பெயர்களை மாற்றினால் சர்வரில் அதற்கான கன்ட்ரோல் இல்லை, ரெக்வெஸ்ட்டின் ஃபார்ம் டேட்டாவிலிருந்து நேராகத்தான் எடுக்க வேண்டும். சின்னப் படிவத்துக்கு அது நல்ல வழிதான். இங்கே அலகு லேபிளும் சரிபார்ப்பும் சர்வரில் இருந்ததால் பொருந்தவில்லை. சர்வர் டிராப்டவுனில் ஸ்கிரிப்ட் வழியாகப் புதுப் பெயர் சேர்த்தாலும், அனுப்பும்போது, சர்வர் தான் கொடுக்காத மதிப்பை மறுக்கும் ஈவென்ட் வேலிடேஷன் அதை ஏற்காமல் பிழை தரும்.

ஸ்கிரிப்ட் வேலையில் ஒன்று மட்டும் மிஞ்சியது. எத்தனை வரிசை என்று மேலே காட்டும் மொத்தப் பெட்டி. அதை ரீட்ஒன்லி ஆக்கியிருந்தேன். ஸ்கிரிப்ட் எழுதிய எண் பிரவுசரிலிருந்து போகிறது, ஆனால் சர்வர் டெக்ஸ்ட்பாக்ஸ் ரீட்ஒன்லி என்றால் வந்த மதிப்பைக் கண்டுகொள்வதில்லை. ப்ராப்பர்ட்டியாக வைக்காமல் ஆட்ரிப்யூட்டாகச் சேர்த்ததும் வாங்கிக்கொண்டது. அந்தப் பெட்டியை ஸ்கிரிப்ட் கண்டுபிடிப்பதற்கு க்ளையன்ட் ஐடி மோடை ஸ்டாட்டிக் ஆக வைத்தேன். 2010இல் 4.0 பதிப்பில் வந்த வசதி. அது எச்.டி.எம்.எல். ஐடியை மட்டுமே சுருக்கும். அனுப்பப்படும் பெயர், டாலர் குறி கோத்த முழுப் பெயராகவே இருக்கும்.

கடைசி சோதனையாக ஒரு லூப் வைத்து 350 வரிசை போட்டு ‘சேமி’ அழுத்தினேன். என் கோடின் முதல் வரிக்கே வராமல் பிழை. ஒரு ரெக்வெஸ்ட்டில் ஃபார்ம் ஃபீல்டுகள் 1,000 வரை என்பது முன்னிருப்பு வரம்பு. 2011 டிசம்பரில் வந்த பாதுகாப்புத் திருத்தத்தோடு வந்தது. வரிசைக்கு 3 ஃபீல்ட் என்றால் 350 வரிசைக்கு 1,050. அமைப்புகள் இருக்கும் வெப் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் வரம்பு ஏறும். ஆனால் அது காரணத்தோடு வைத்த பூட்டு. ஸ்டோர்ஸ் அக்காவிடம் அதிகபட்சம் எத்தனை வரிசை வரும் என்று கேட்டேன். “நாப்பது அம்பது வரும் தம்பி, அதுக்கு மேல வந்தா நாங்களே ரெண்டா பிரிச்சுப் போட்டுருவோம்” என்றார். 150 வரிசையோடு ‘சேர்’ பட்டன் நிற்கும்படி செய்து வரம்பைத் தொடாமல் விட்டேன்.

இப்போது இருக்கும் கோடில் நான் மிகவும் விரும்பும் பகுதி ‘சேமி’தான். அதில் ஃபைண்ட்கன்ட்ரோல் ஒன்றுகூட இல்லை. வரிசை என்று ஒரு சின்னக் கிளாஸ் எழுதியிருக்கிறேன், 40 வரி. அடையாள எண், டிராப்டவுன், இரண்டு டெக்ஸ்ட்பாக்ஸ், லேபிள், பட்டன் எல்லாவற்றையும் அதுவே உருவாக்கித் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. லோடில் பட்டியலைப் பார்த்து வரிசைகளை உருவாக்கும்போதே அவற்றை ஒரு லிஸ்ட்டில் போட்டுவிடுகிறேன். ‘சேமி’ அந்த லிஸ்ட்டைச் சுற்றி வந்து மதிப்பை எடுக்கிறது. நானே உருவாக்கிய பெட்டி, அதே ரெக்வெஸ்ட்டில் என் கையிலேயே இருக்கிறது. 13 மணி நேரம் எழுதிய தேடும் ஃபங்ஷனை அழித்துவிட்டேன். மொத்தக் கோட் 140 வரிக்குள் அடங்கியது.

இன்னொரு முறை செய்தால் சிலவற்றை மாற்றுவேன். முதல் மணி நேரத்திலேயே ட்ரேஸையும் நெட்வொர்க் பகுதியையும் திறப்பேன். மதிப்பு வந்ததா, பெட்டி இருக்கிறதா என்ற இரண்டையும் தனித்தனியாகப் பார்த்த பிறகே கோடைத் தொடுவேன். முதல் வரிசை எழுதும்போதே நீக்குவதையும் சேர்த்துத் திட்டமிடுவேன், எண்ணிக்கையா பட்டியலா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. கோடில் உருவாக்காமல் ரிப்பீட்டரிலேயே இதைச் செய்திருக்கவும் முடியும். எல்லா வரிசையும் ஒரே அச்சு என்றால் போஸ்ட்பேக்கில் அது தன் வரிசைகளை வியூஸ்டேட்டிலிருந்து தானே எழுப்பிக்கொள்கிறது, ஒவ்வொரு ஐட்டத்திடமும் ஃபைண்ட்கன்ட்ரோல் கேட்டால் கிடைக்கும். சேர்க்கும்போதும் நீக்கும்போதும் திரையில் இருக்கும் மதிப்புகளை முதலில் ஒரு லிஸ்ட்டில் வாங்கிக்கொண்டு அதை ரிப்பீட்டரில் மறுபடி நிரப்ப (பைண்ட் செய்ய) வேண்டும், அது ஒன்றுதான் கூடுதல் வேலை.

அடுத்து வரிசையில் நிற்பது தரப் பரிசோதனைப் படிவம். அதில் எந்தப் பொருளுக்கு டிக் பெட்டி, எதற்கு எண், எதற்குத் தேதி என்பது டேட்டாபேஸில் இருந்து வரும், வரிசைக்கு வரிசை கன்ட்ரோலின் வகையே மாறும். அதை ரிப்பீட்டரில் அடைக்க முடியாது என்று நினைக்கிறேன், அதனால் இதே வரிசைக் கிளாஸை எடுத்துக்கொண்டு போகிறேன். டிக் வைக்காத பெட்டியைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது என்பதால் அங்கே ‘இல்லை’ என்பதும் ‘பார்க்கவில்லை’ என்பதும் ஒன்றாகத் தெரியும். அதற்கு டிக் பெட்டிக்குப் பதிலாக மூன்று விருப்பம் உள்ள ரேடியோ பட்டன் வைத்துத் தொடங்கியிருக்கிறேன்.